கம்ப்யூட்டர் மாறியது, பாட்டு நின்றது: வீட்டு இசை சர்வர் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்ததிலிருந்து கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் கம்ப்யூட்டர் மாறிவிட்டது. லோயாட் பிளாசாவுக்குப் போய் உள்ளங்கை அகல மினி பிசி ஒன்றை வாங்கி வருகிறார்கள். பழைய பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறார்கள். வீட்டில் உள்ள கைப்பேசிக்கும் ப்ளேயருக்கும் வைஃபை வழியாகப் பாட்டு அனுப்பும் இசை சர்வர் என்ற மென்பொருள் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவே எனக்கு அழைப்பு வருகிறது: "அண்ணே, பாட்டு வரல." சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் உட்கார்ந்து எல்லாருடைய கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் பாட்டுக் கோப்புகள் நிஜமாகவே தொலைந்துபோனதை நான் பார்த்தது மிகக் குறைவு. தொலைந்த இடங்களிலும் பதற்றத்தில் யாரோ ஒரு பட்டனை அழுத்தியிருப்பார்கள். மற்றபடி பாட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் போகும் வழியில் ஏதோ ஒரு முகவரி மாறியிருக்கும். அது எந்த முகவரி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

செந்தூல், ஒரு தம்பி: அண்ணே, புது மினி பிசியில லிரியன் மியூசிக் சர்வர் போட்டாச்சு. அந்தக் கம்ப்யூட்டர்லயே திறந்தா பாட்டெல்லாம் தெரியுது. கைப்பேசியில திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. ஹால்ல இருக்கிற பழைய ஸ்குவீஸ்பாக்ஸ் ப்ளேயரும் சர்வரைக் கண்டுபிடிக்கல.

அதே கம்ப்யூட்டரில் திறக்கிறது என்று சொன்னீர்களே தம்பி, அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. சர்வர் ஓடுகிறது, பாட்டுகளையும் படித்துவிட்டது. தடை வாசலில்தான் இருக்கிறது. விண்டோஸ் 11 புதிதாக ஒரு நெட்வொர்க்கில் சேரும்போது அதைப் 'பப்ளிக்' என்றே வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டு வைஃபையையும் கோப்பிக்கடை வைஃபை மாதிரி நினைத்து, வெளியிலிருந்து யார் தட்டினாலும் திறக்காது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், நீங்கள் இணைந்திருக்கும் இணைப்பைத் தொட்டு, 'பிரைவேட்' என்று மாற்றுங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவலான ஃபயர்வாலில் இரண்டு வாசல் எண்களை (போர்ட்) பாருங்கள். பக்கம் திறக்க 9000. ஸ்குவீஸ்பாக்ஸ் சர்வரைத் தேடவும் அதோடு பேசவும் 3483, டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகையிலும். 9000-ஐ மட்டும் திறந்துவிட்டு, "கைப்பேசியில வருது, ப்ளேயர்ல வரல" என்று குழம்பி நிற்பவர்கள் நிறையப் பேர். ஃபயர்வாலையே அணைத்துவிடு என்று யாராவது சொன்னால், சோதித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் அணைக்கலாம். அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அதே தம்பி, ஒரு மணி நேரம் கழித்து: ரெண்டும் சரியாயிடுச்சு அண்ணே. சமையலறையில அம்மா கேக்கிற குட்டி ப்ளேயர் மட்டும் வரல. அதுல நீங்கதான் முன்னாடி ஏதோ நம்பர் போட்டுக் கொடுத்தீங்க.

அந்த நம்பர்தான் காரணம். அம்மாவின் ப்ளேயர் தானாகத் தேடாது. சர்வரின் ஐபி முகவரி 192.168.1.50 என்று அதில் எழுதி வைத்தேன். உங்கள் ரௌட்டர் பழைய கம்ப்யூட்டருக்கு அந்த எண்ணை ஒதுக்கி வைத்திருந்தது. கம்ப்யூட்டரின் பெயரைப் பார்த்து ரௌட்டர் அதைக் கொடுப்பதில்லை, நெட்வொர்க் அட்டைக்கே உரிய மேக் முகவரி என்ற அடையாள எண்ணைப் பார்த்துத்தான் கொடுக்கும். புதுப் பெட்டிக்கு அட்டை வேறு, அதனால் எண்ணும் வேறு. ரௌட்டர் பக்கத்தில் பழைய ஒதுக்கீட்டை அழித்துவிட்டு, புதுப் பெட்டியின் மேக் முகவரிக்கு அதே 50-ஐக் கொடுங்கள். இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அம்மாவின் ப்ளேயரை யாரும் தொட வேண்டியதில்லை. வீட்டில் வயசானவர்கள் பழகிய பொருளில் கை வைக்காமல் சரிசெய்ய முடிந்தால், எனக்கு எப்போதும் அந்த வழிதான் முதல் வழி.

கிள்ளான், ஓர் அக்கா: தம்பி, என் பாட்டெல்லாம் நாஸ்ல, அதான் நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டியில, இருக்கு. விண்டோஸ்ல இசட் டிரைவ்னு திறந்தா நல்லா தெரியுது. சர்வர்ல அதே இசட்டைக் கொடுத்து ஸ்கேன் பண்ணினா ஒரு பாட்டுகூட இல்லைங்குது.

அக்கா, இசட் டிரைவ் என்பது உங்கள் பெயரில் உள்நுழையும்போது உங்களுக்காக மட்டும் போடப்படும் இணைப்பு. சர்வர் பின்னணியில் சர்வீஸாக ஓடும்போது அது 'லோக்கல் சிஸ்டம்' என்ற வேறு கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்குக்கு இசட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பழைய கம்ப்யூட்டரில் எப்படி வேலை செய்தது என்று கேட்பீர்கள். அதில் நீங்கள் உள்நுழைந்த பிறகு உங்கள் கணக்கிலேயே சர்வர் ஓடியிருக்கும். இந்த முறை சர்வீஸாகப் போட்டுவிட்டீர்கள்.

இதற்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும். பாட்டு இருக்கும் இடத்தை இசட் என்று கொடுக்காமல், இரண்டு பின்சாய்கோடு (\\) போட்டு, நாஸின் பெயர், பிறகு ஃபோல்டர் பெயர் என்று முழு வழியாகக் கொடுங்கள். பிறகு விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் லிரியனைத் திறந்து, 'லாக் ஆன்' பகுதியில் நாஸுக்குள் போக அனுமதி உள்ள ஒரு கணக்கைக் கொடுங்கள். முதலாவதை மட்டும் செய்துவிட்டு விட்டால் நாஸ் கடவுச்சொல் கேட்டுக் கதவைச் சாத்திவிடும்.

உங்கள் நாஸில் யார் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமல் நுழையலாம் என்று வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தாளி இணைப்பை ஏற்பதில்லை. நாஸில் இசைக்கென்று ஒரு பயனரை உருவாக்கி, படிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். சர்வர் உங்கள் பாட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை.

பட்டர்வொர்த், ஓர் ஐயா: எங்கப்பா தோட்டத்துக் கோயில்ல பாடின தேவாரம், கேசட்ல இருந்து மாத்தி வச்சிருந்தேன். 2 டெரா டிஸ்க், பழைய கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்துச்சு. புதுசுல அதுக்கு இடமில்லைன்னு கொம்தார்ல ஒரு யூஎஸ்பி பெட்டி வாங்கிப் போட்டேன். ஃபார்மட் பண்ணணுமான்னு கேக்குது. பண்ணட்டுமா?

ஐயா, வேண்டாம். 'கேன்சல்' அழுத்துங்கள், பெட்டியைக் கழற்றுங்கள், பிறகு மேற்கொண்டு படியுங்கள்.

டிஸ்க்கின் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காதை வைத்துப் பார்த்துவிட்டு, "முன்ன மாதிரியே சுத்துது, டக் டக்னு எதுவும் இல்ல" என்றார். பெட்டியோடு வந்த 12 வோல்ட் அடாப்டரும் செருகியிருந்தார். நல்ல அடையாளம். பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி கேபிளில் வரும் மின்சாரம் போதாது. அடாப்டர் இல்லாமல் தவிக்கும் டிஸ்க்கைப் பழுதானது என்று நினைத்துவிடுவார்கள்.

அப்படியானால் நடந்தது இதுவாக இருக்கலாம். டிஸ்க் தன் இடத்தை 512 பைட் துண்டுகளாக எண்ணிக் காட்டும். சில யூஎஸ்பி பெட்டிகள் நடுவில் நின்றுகொண்டு அதையே 4096 பைட் துண்டுகளாக எண்ணிச் சொல்லும். பழைய கம்ப்யூட்டர் "பாட்டு 2048-ஆவது துண்டில் தொடங்குகிறது" என்று குறித்து வைத்திருக்கும். பெட்டி வழியாகப் போகும் விண்டோஸ் அதே 2048-ஐத் தேடி எட்டு மடங்கு தள்ளிப் போய் நிற்கும். அங்கே அதற்குப் புரியும்படி ஒன்றும் இருக்காது. "காலி டிஸ்க் போலிருக்கிறது, ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். தாமான் குடியிருப்பில் வீட்டு எண்களையெல்லாம் மாற்றிவிட்டால் தபால்காரர் பழைய எண்ணை வைத்துக்கொண்டு அலைவது போலத்தான். வீடு அங்கேயே இருக்கிறது, உள்ளே ஆளும் இருக்கிறார்.

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடவில்லையே என்று கேட்டேன், இல்லை என்றார். டிஸ்க்கை மறுபடி அதற்குள் வைத்து, பழைய சாட்டா கேபிளிலேயே மாட்டி, இன்னொரு புது வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த யூஎஸ்பி பெட்டி கெட்ட பொருள் ஒன்றும் இல்லை. அதில் வைத்தே ஃபார்மட் செய்த டிஸ்க் அதில் நன்றாக ஓடும். பிரதி எடுத்து, திறந்து கேட்டும் பார்த்த பிறகுதான் பழையதை அதில் போடலாம்.

பெட்டாலிங் ஜெயா, கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை: பழைய ஆப்பிள் மேக்ல இருந்து லினக்ஸுக்கு மாறிட்டேன், நேவிட்ரோம்ங்கிற மியூசிக் சர்வர் போட்டிருக்கேன். என் ப்ளேலிஸ்ட்ல பாதித் தமிழ்ப் பாட்டு மட்டும் காணோம். இங்கிலீஷ் பேர் வச்ச பாட்டெல்லாம் இருக்கு. லினக்ஸுக்குத் தமிழ் தெரியாதாண்ணே?

தெரியும் தங்கச்சி. காணாமல் போனவற்றின் பெயர்களை அனுப்பச் சொன்னேன்: பொங்கல், கோலாட்டம், தோட்டத்துப் பாட்டு. காணாமல் போகாதவை: தாலாட்டு, நலங்கு, கும்மி. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனவற்றில் எல்லாம் ஒ அல்லது ஓ சேர்ந்த ஓர் எழுத்து இருக்கிறது. எனக்கு இது போதும்.

'கோ' என்று கண்ணுக்குத் தெரிவதை, கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பின் 'ோ' என்ற ஒரே குறியாக எழுதலாம். இல்லையென்றால் இரட்டைக் கொம்பைத் தனியாகவும் துணைக்காலைத் தனியாகவும் இரண்டு குறிகளாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒ, ஓ, ஔ வரிசைகளுக்குத்தான் இந்தப் பிரச்சனை. ஆ, இ, உ வரிசைக் குறிகள் பிரியாது, அதனால்தான் தாலாட்டு தப்பித்தது. மேக்கின் பழைய வட்டு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும், ஆனால் எப்படிக் கேட்டாலும் ஒன்றாகவே நடத்தும். ப்ளேலிஸ்ட்டைத் தங்கச்சி ஒரு விண்டோஸ் லேப்டாப்பில் தட்டியிருக்கிறார், அது சேர்த்து எழுதும். மேக்கில் இருந்தவரை இரண்டும் ஒத்துப்போயின. லினக்ஸ் பைட்டுக்குப் பைட் பார்க்கும், அதற்கு இவை வேறு வேறு பெயர்கள்.

கான்வ்எம்வி என்ற சிறு கருவியைப் போட்டு, பாட்டு ஃபோல்டர் முழுவதையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது சேர்த்து எழுதும் வடிவத்துக்கு, மாற்றுங்கள். முதலில் ஓட்டும்போது எதை மாற்றும் என்று காட்டும், மாற்றாது. 'நோடெஸ்ட்' சேர்த்து ஓட்டினால்தான் நிஜமாக மாற்றும். பிறகு மறு ஸ்கேன். ப்ளேலிஸ்ட் கோப்பு எம்3யு8 என்று முடிகிறதா என்றும் பாருங்கள். அதுதான் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவம், தமிழுக்கு ஏற்றது.

ஷா ஆலாம்: மறு ஸ்கேனுக்குப் பிறகு ஒரே படத்தின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாகப் பிரிந்துவிட்டன.

பாட்டுக்குப் பாட்டு பாடகர் வேறு, அதனால் சர்வர் தனித்தனி ஆல்பம் என்று நினைக்கிறது. எம்பி3டேக் மென்பொருளில் ஆறையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். பாடகர் பெயர் 'ஆர்ட்டிஸ்ட்' இடத்திலேயே இருக்கட்டும். திரையிசை வைத்திருக்கும் எல்லாரும் இதை ஒருமுறை செய்துவிட்டால், எந்த சர்வருக்கு மாறினாலும் ஆல்பம் உடையாது.

ஈப்போ ரோடு: சில பாட்டுப் பேர் ஆறேழு எழுத்தோட நின்னுடுது.

அவற்றில், பாட்டுக் கோப்புக்குள்ளேயே பெயர் எழுதி வைக்கும் ஐடி3 டேக்கின் முதல் பதிப்பு மட்டும் இருக்கிறது. அதில் தலைப்புக்கு 30 பைட்தான். யூடிஎஃப்-8 தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆகப் பத்துக் குறிதான் நிற்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் எழுத்து இன்னும் குறையும். இரண்டாம் பதிப்பு டேக்காக எழுதினால் முழுப் பெயரும் நிற்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: ராத்திரி நல்லாப் பாடுது, காலையில எழுந்து கந்த சஷ்டி போடலாம்னா சர்வரே இல்ல.

கம்ப்யூட்டர் தூங்குகிறது. பவர் செட்டிங்ஸில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள், திரை மட்டும் அணையட்டும்.

பாயான் லெப்பாஸ்: லினக்ஸ் பெட்டி, சத்தத்துக்கு யூஎஸ்பில மாட்டுற டேக் (DAC). பாட்டு ஓடுறதா காட்டுது, சத்தம் இல்ல.

சத்தம் எச்டிஎம்ஐ வழியாகப் போகிறது. பழைய பெட்டியில் டேக் 0-ஆவது கார்டாக இருந்திருக்கும், புதியதில் எண் மாறியிருக்கும். எண்ணைக் கொடுக்காமல் கார்டின் பெயரைக் கொடுங்கள், அடுத்த முறை எது மாறினாலும் பாதிக்காது.

கெப்போங்: இன்னும் மாத்தல. மாத்துறதுக்கு முன்னாடி எதையெல்லாம் எடுத்து வைக்கணும்?

எல்லாரும் இப்படி முன்கூட்டியே கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பாட்டு ஃபோல்டரைத் தவிர, லிரியனின் 'ப்ரெஃப்ஸ்' ஃபோல்டர், 'கேஷ்' ஃபோல்டருக்குள் இருக்கும் பெர்சிஸ்ட் டிபி என்ற கோப்பு, ப்ளேலிஸ்ட் ஃபோல்டர். எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள் என்பதெல்லாம் அந்தப் பெர்சிஸ்ட் கோப்பில்தான் இருக்கிறது. சர்வரை நிறுத்திவிட்டுப் பிரதி எடுங்கள். புதுப் பெட்டியிலும் பாட்டு ஃபோல்டருக்கு அதே டிரைவ் எழுத்து, அதே பெயர் கொடுங்கள். பழையதில் டி என்றால் புதியதிலும் டி.

பட்டர்வொர்த் ஐயா, செவ்வாய்க்கிழமை இரவு: பழைய பெட்டியில மாட்டினேன். திறந்துடுச்சு. அப்பா குரல் இருக்கு. நடுவுல யாரோ இருமுறது, கோயில் மணி, எல்லாம் அப்படியே இருக்கு.

ரொம்ப சந்தோஷம் ஐயா. பிரதி எடுத்து முடிந்ததும் அதில் பத்துப் பாட்டையாவது கடைசி வரை ஓடவிட்டுக் கேளுங்கள். இன்னொரு பிரதி எடுத்து மகள் வீட்டில் வையுங்கள். அதுவரை அந்தப் பழைய கம்ப்யூட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.