லார்ட் ஜார்ஜ் மர்ரே: ஜேகோபைட் தளபதி பற்றிய கேள்வி பதில்

பிரிட்டிஷ் அரியணையை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அதில் அமர்த்தப் போராடியவர்களே ஜேகோபைட்டுகள்.

கேள்வி: பெயரில் 'லார்ட்' இருக்கிறது. ஆனால் பிரபுக்கள் அவை உறுப்பினர் பட்டியலில் ஆளைக் காணோமே?

பதில்: இருக்க மாட்டார். முதலாம் அத்தோல் டியூக்கின் இளைய பிள்ளைகளில் ஒருவர் அவர். 1694இல் பெர்த் அருகே ஹண்டிங்டவரில் பிறந்தார். டியூக்கின் இளைய மகன்களுக்கு 'லார்ட்' என்பது வெறும் மரியாதை அடைமொழி. பட்டமும் நிலமும் வாரிசுக்குத்தான். எனவே 'லார்ட் மர்ரே' என்று எழுதாதீர்கள். 'லார்ட் ஜார்ஜ்' என்பதே சரி.

கேள்வி: 1745 கலகத்தை நடத்திய ஸ்டூவர்ட் இளவரசர் சார்ல்ஸ் இவரை ஏன் நம்பவில்லை?

பதில்: இவருடைய பழைய கணக்கு அப்படி. 1712இல் பிரிட்டிஷ் படையில் என்சைன் என்ற இளநிலை அதிகாரி. 1715 கலகத்தில் ஸ்டூவர்ட் பக்கம் போனார். 1719இல் கிளென்ஷீல் சண்டையில் காயம்பட்டு வெளிநாட்டில் மறைந்து வாழ்ந்தார். 1725இல் அரசிடம் மன்னிப்பும் பெற்றுக்கொண்டார். குடும்பமும் இரண்டுபட்டு நின்றது: ஒரு அண்ணன் வில்லியம் இளவரசரோடு, அரசு ஏற்ற டியூக்கான இன்னொரு அண்ணன் ஜேம்ஸ் லண்டனோடு. போதாததற்கு, லார்ட் ஜார்ஜுக்கு நயமாகப் பேச வராது. இளவரசருக்கோ மறுத்துப் பேசுபவரைப் பிடிக்காது.

கேள்வி: ஹைலாண்டர்களின் (ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்களின்) பாய்ச்சல் எப்படி நடக்கும்? கலகம் தோற்று முடிந்த கல்லோடன் போரில் ஏன் பலிக்கவில்லை?

பதில்: ஓடிவந்து, நெருக்கத்தில் ஒரே ஒரு முறை சுடுவார்கள். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, புகை கலைவதற்குள் வாளோடு பாய்வார்கள். இடக்கையில் தோல் போர்த்திய மரக் கேடயமும் குத்துவாளும். எதிரியின் பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) கேடயத்தில் வாங்கித் தள்ளிவிட்டு வெட்டுவார்கள். இதற்கு உறுதியான தரை, கூடுமானால் இறக்கம், தடையில்லாத ஓட்டம் வேண்டும். 1745 செப்டம்பர் 21 விடியலில் பிரெஸ்டன்பான்ஸ் போரில் இது பலித்தது, கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. கல்லோடனில் தரை சொதசொத, வலப்பக்கம் கல்சுவர், பாயுமுன்பே பீரங்கிக்கு எதிரே காத்து நிற்க வேண்டியிருந்தது. வேகம் போனால் இந்த முறையில் மிச்சம் ஒன்றுமில்லை.

கேள்வி: லண்டனை நோக்கிப் போன படை இங்கிலாந்தின் டெர்பியிலிருந்து திரும்பியது கோழைத்தனம் இல்லையா? லண்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே!

பதில்: கைக்கெட்டும் தூரமா? சுமார் 125 மைல். கையில் இருந்தது ஐயாயிரம் பேர் சொச்சம். பிரெஞ்சுப் படை வரவில்லை. ஆங்கிலேயர் சேர்ந்தது மான்செஸ்டரில் கிடைத்த சில நூறு பேர்தான். அரசுத் தளபதிகள் கம்பர்லாந்து, வேட் ஆகியோரின் இரண்டு படைகள் களத்தில் இருந்தன. மூன்றாவதும் இருக்கிறது என்று ஓர் உளவாளி பொய் சொல்லியிருந்தான். டிசம்பர் 5 ஆலோசனையில் பெரும்பாலோர், திரும்பலாம் என்ற லார்ட் ஜார்ஜ் பக்கம்.

பின்வாங்கும்போது மிகக் கடினமான பின்காவலை அவரே ஏற்றார். ஷாப் மலைப்பாதையில் வண்டிகள் சிக்கின. ஒரு பீரங்கிக் குண்டைக்கூட விடக்கூடாது என்பது இளவரசர் கட்டளை. குண்டுக்கு 6 பென்ஸ் கூலி கொடுத்து வீரர்களையே சுமக்க வைத்தார்.

கேள்வி: கல்லோடன் போருக்கு முந்தின இரவு, நேர்னில் இருந்த கம்பர்லாந்தின் முகாமைத் தாக்கப் போன நடை ஏன் கெட்டது?

பதில்: சோற்றிலிருந்து தொடங்க வேண்டும். 1746 ஏப்ரல் 15 அன்று ஆளுக்கு ஒரு பிஸ்கட். மாவு இன்வர்னஸில் கிடந்தது, கொண்டுவர ஏற்பாடில்லை. சாப்பாடு தேடிப் பலர் கலைந்து போனார்கள்.

அன்று கம்பர்லாந்தின் 25ஆம் பிறந்த நாள். அவர் முகாம் குடித்துத் தூங்கும் என்று கணக்கு. இரவு 8 மணிக்குப் புறப்பட்டு, ஏறத்தாழ 12 மைல் கடந்து, 2 மணிக்குத் தாக்க வேண்டும். கண்ணில் படாமலிருக்கச் சாலையைத் தவிர்த்து ஈரப் பொட்டலில் நடந்தார்கள். பின்வரிசை பிந்தியது, 'நில்லுங்கள்' என்று முன்னே ஆள் மேல் ஆள் வந்தது. 2 மணிக்கு இன்னும் மூன்று நான்கு மைல் பாக்கி. வெளிச்சத்தில் போய் மாட்டிக்கொள்வதைவிடத் திரும்புவது மேல் என்று லார்ட் ஜார்ஜ் முடிவெடுத்தார். அது சரிதான். தவறு, அந்தச் செய்தி பின்னால் வந்த பிரிவுக்கு நேரத்தில் போகாதது. காலை 6 மணி வாக்கில் தள்ளாடித் திரும்பினார்கள். மதியம் போர்.

போருக்கு ஆற்றுக்கு அப்பால் மேடுபள்ளமான இடத்தை அவர் கேட்டிருந்தார். இளவரசரின் அதிகாரி ஓ'சல்லிவன் தேர்ந்த வெட்டவெளியே நிலைத்தது.

கேள்வி: எதிரிக்கு உயிர்ப்பிச்சை கூடாது என்று அவர் கட்டளையிட்டாராமே?

பதில்: அவருடைய போர்க் கட்டளையில் அந்த வரி பிறகு நுழைக்கப்பட்டது என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. கட்டளையின் மற்றப் படிகளில் அது இல்லை.

கேள்வி: தன் குடும்பக் கோட்டையையே முற்றுகையிட்டாரா?

பதில்: ஆமாம், பிளேர் கோட்டை, 1746 மார்ச். அவரிடம் இருந்தவை சிறு பீரங்கிகள். சுவரோ ஏழடி கனம். பழுக்கக் காய்ச்சிய குண்டுகளைக் கூரையில் வீசிப் பார்த்தார். உள்ளே இருந்த அரசுப் படையினர் இரும்புக் கரண்டியால் அள்ளித் தொட்டியில் போட்டு அணைத்தார்கள். பட்டினி போட்டுப் பணிய வைக்கும் தறுவாயில் இன்வர்னஸிலிருந்து அழைப்பு வந்தது. 1760 அக்டோபர் 11இல் ஹாலந்தின் மெடெம்பிளிக்கில் இறந்தார். அந்தக் கோட்டை 1764இல் அவர் மகன் ஜானுக்கே வந்தது, மூன்றாம் அத்தோல் டியூக்காக.