தழைச்சத்துக் கணக்கைச் சொல்லாமல் இயற்கை விவசாயத்துக்கு அழைக்காதீர்கள்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் கிராமத்து இளைஞர்கள் சேர்ந்து இயற்கை விவசாயப் பயிற்சி நடத்தினோம். முப்பது பேர் வந்து, சாணம், கோமியம் கொண்டு செய்யும் ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் ஆகிய கரைசல்களைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் சம்பாவில் முயன்றவர்கள் இரண்டே பேர். பயிர் வெளுத்ததும் அவர்களும் யூரியா போட்டுவிட்டார்கள். எங்கே தவறு? சான்றிதழுக்கு என்ன வழி?

பதில்: அந்த இருவரும் மன உறுதி இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பயிருக்குப் பசி, அவர்கள் கையில் வேறு தீனி இல்லை. நீங்கள் கரைசல்களைக் கற்றுக்கொடுத்தீர்கள், தழைச்சத்துக் கணக்கை, அதாவது நைட்ரஜன் கணக்கைக் கற்றுக்கொடுக்கவில்லை. பெரும்பாலான பயிற்சிகளின் குறை இதுதான்.

நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தொழுவுரத்தில் இருப்பது நூற்றுக்கு அரைப் பங்கு. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடுகட்ட நான்கு டன் எரு வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் முதல் பட்டத்தில் பயிருக்குக் கிடைக்கும். இப்போது ஜீவாமிர்தத்துக்கு வாருங்கள். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ பயறு மாவு, வெல்லம் எல்லாவற்றையும் கூட்டினாலும் கால் கிலோ தழைச்சத்தைச் சுற்றித்தான் வரும். அது நுண்ணுயிர்களைப் பெருக்குகிறது என்கிறார்கள். பெருகட்டும், அவற்றுக்கும் தின்ன மண்ணில் மட்கு இருக்க வேண்டுமே.

ஆகவே முதல் வேலை, பசுந்தாள் உரமாக வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழும் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழவு, நடவுக்கு முன் ஒரு வாரம் பத்து நாள் அழுக விடுதல். நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ தழைச்சத்து கிடைக்கும். உழுவதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அடுத்த முறை விதையை ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தில் நேர்த்தி செய்ய வேண்டும். இதை வயலிலேயே நின்று காட்டுங்கள். மேடைப் பேச்சுக்குத் தலையாட்டுகிறவர்கள் இதை நின்று கவனிப்பார்கள்.

டெல்டாவில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. குறுவையும் சம்பாவும் அடுத்தடுத்துச் செய்யும் வயலில் 45 நாள் இடைவெளி எளிதில் கிடைக்காது. ஒருபோக சம்பா வயல்களை முதலில் தேர்ந்தெடுங்கள். கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடு ஓட்டி வரும் கீதாரிகளிடம், வயலில் ஆடுகளை அடைத்து எருவாக்கும் ஆட்டுக்கிடையை நான்கைந்து பேர் சேர்ந்து பேசிக்கொண்டால் செலவும் பங்காகும். அறுவடைக்கு முன் உளுந்து தெளிக்கும் வழக்கம் உங்கள் பகுதியில் இருக்கவே இருக்கிறது; அதை விட்டுவிடாதிருந்தால் போதும்.

அடுத்தது, எதை முதலில் நிறுத்துவது என்ற வரிசை. உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். இலங்கை 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரிலேயே விலக்கிக்கொள்ள நேர்ந்ததை நினைவில் வையுங்கள். முதலில் நிறுத்த வேண்டியது பூச்சிமருந்து. காசு உடனே மிச்சமாகும், மகசூல் பெரும்பாலும் குறையாது. நட்ட நாற்பது நாளுக்குள் இலை தின்னும் புழுக்கள் செய்யும் சேதத்தை நெற்பயிர் புதுக் கிளைகள் விட்டுச் சரிசெய்துகொள்ளும். அந்த நாற்பது நாளும் மருந்தடிக்காமல் இருக்கச் சொல்லும் பிரசாரத்தை 1990களில் வியட்நாமின் மெகாங் டெல்டாவில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தியது. முன்கூட்டியே அடிக்கும் மருந்து, பூச்சிகளைத் தின்னும் சிலந்திகளைக் கொன்று, பின்னால் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு வழிவிடுகிறது. தூரைச் சாய்த்துத் தட்டி, தண்ணீரில் விழும் புகையானையும் சிலந்தியையும் எண்ணப் பழக்குங்கள். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், கிளைக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தியே இல்லாவிட்டால் ஒன்றே எல்லை. எல்லை தாண்டினால் தண்ணீரை வடித்துவிட்டு, ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தூரில் படும்படி தெளிக்க வேண்டும். யூரியாவை இரண்டாம் பட்டத்திலிருந்து, பசுந்தாள் எவ்வளவு விளைந்ததோ அந்த அளவுக்கு ஏற்பக் குறைக்கலாம். இயற்கை விவசாய அன்பர்கள் சிலர் இதைச் சமரசம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நட்டம் அவர்களுடையது அல்ல.

இனி யாரை முதலில் அழைப்பது என்பதற்கு வருகிறேன். வாய்மொழிக் குத்தகையில் ஆண்டுக்கு ஆண்டு பயிரிடுபவர் அடுத்த ஆண்டு யார் கைக்குப் போகுமோ தெரியாத மண்ணில் எரு கொட்டமாட்டார். சொந்த நிலக்காரர், நீண்ட காலக் குத்தகைதாரர் ஆகியோரிடமிருந்து தொடங்குங்கள். உரக்கடைக் கடன் இன்னொரு முடிச்சு. கடைக்காரர் உரத்தோடு உழவுக் கூலிக்கும் கடன் கொடுத்திருப்பார். மூட்டை வாங்காதவருக்கு அந்தக் கைமாற்றும் நின்றுவிடும். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்துப் புனுகுலா கிராமத்தில் பூச்சிமருந்தைக் கைவிட முயன்றபோதும் மருந்து வியாபாரிகளிடம் பட்ட கடன்தான் குறுக்கே நின்றது. அதை மீறிப் பல ஆண்டுகள் முயன்ற பிறகே, மருந்து விற்பவர்கள் ஊருக்குள் வர வேண்டாம் என்று பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. உங்கள் ஊரில் மாற்றுக் கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தையும் மகளிர் குழுக்களையும் பாருங்கள். சங்கத்தின் பயிர்க்கடனில் ஒரு பகுதி உரமாகவே வருவதுண்டு. அதற்குப் பதில் வேப்பம் புண்ணாக்கு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சான்றிதழுக்கு இப்போது அவசரம் வேண்டாம். ஏற்றுமதி நோக்கம் இல்லையென்றால் மத்திய வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு உத்தரவாதத் திட்டம், அதாவது பிஜிஎஸ் போதும். குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர்கள் ஆய்வு செய்து உறுதி சொல்லும் முறை இது. மாறுதல் காலத்தில் ‘பிஜிஎஸ் கிரீன்’, அது முடிந்தபின் ‘பிஜிஎஸ் ஆர்கானிக்’ என்ற முத்திரை கிடைக்கும். நிலத்தின் ஒரு துண்டில் மட்டும் இயற்கை, மீதியில் ரசாயனம் என்று இருக்க முடியாது. ஆகவே யூரியாவை அறவே விட்டவர்கள் ஐந்து பேர் தேறிய பிறகு பதிவு செய்யுங்கள். ஏற்றுமதி என்றால், மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பான அபேடா நிர்வகிக்கும் என்பிஓபி என்ற தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் சான்று வேண்டும். அதைக் கோயம்புத்தூரிலுள்ள அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையிடமே பெறலாம்.

விலையைப் பற்றி மட்டும் எதையும் வாக்களிக்காதீர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்றுதான் விலை. இயற்கை நெல்லுக்குத் தனி விலை இல்லை. தூயமல்லி, சீரகச் சம்பா போன்ற பாரம்பரிய ரகங்களை அரிசியாக்கி விற்க ஆள் பிடித்த பிறகு அவற்றை நடச் சொல்லுங்கள். அதுவரை ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் கடைசியாக ரசாயனம் இட்ட தேதி, உழவு, விதை, தெளிப்பு, செலவு, மகசூல் ஆகியவற்றை எழுதி வரட்டும். பிஜிஎஸ் பதிவின்போது முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.