மீட்டர் போர்டை நானே கழற்றலாமா?

கேள்வி: என் கார் 15 வருடம் பழையது. இரவில் மீட்டர் போர்டின் இடது பாதி இருட்டாக இருக்கிறது, பெட்ரோல் முள் கண்ணுக்கே தெரிவதில்லை. வலது பக்கம் நன்றாக எரிகிறது. நானே கழற்றி பல்பு மாற்றலாமா? ஏதாவது உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஃபியூஸோ வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகோ கெட்டிருந்தால் போர்டு முழுவதும் இருண்டிருக்கும். பாதி மட்டும் இருட்டு என்பதால் பெரும்பாலும் பல்பு அல்லது அதன் ஹோல்டர்தான். அவசரமில்லாத ஒரு பகல் பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருக்கும் கார்களில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும், அது வடிய வேண்டும். ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றத் தேவையில்லை. ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் அடிமட்டத்துக்கு இறக்கி, அதன் மேல் மூடியில் ஒரு பழைய துண்டை விரித்துவிடுங்கள். போர்டு வெளியே வரும்போது உரசுவது அங்கேதான்.

மீட்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை, கீழே குனிந்து அண்ணாந்து பாருங்கள். நிழலில் ஒளிந்தபடி இரண்டு ஸ்க்ரூ இருக்கும். மற்ற இடங்களில் கிளிப்தான். விரல்களை விளிம்பில் கொடுத்து நேராக உங்களை நோக்கி இழுத்தால் 'டக்' என்று விடும். ஒரு மூலை மட்டும் அடம்பிடித்தால் அங்கே இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள், பழைய பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி இருக்கும். சட்டத்திலேயே சுவிட்ச் ஏதாவது இருந்தால் அதன் வயரையும் கழற்ற வேண்டும்.

அப்புறம் போர்டைப் பிடித்திருக்கும் மூன்று நான்கு ஸ்க்ரூ. இவற்றின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடலாம். ஒரு அட்டையில் போர்டின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

இனிதான் கவனம் வேண்டும். நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில்தான் நடந்தவை. ஸ்க்ரூ கழன்றதும் போர்டு இரண்டு விரற்கடை முன்னே வந்து நின்றுவிடும். பின்னால் வயர் பிடித்திருக்கிறது. கை தானாகவே இன்னும் கொஞ்சம் இழுக்கப் பார்க்கும், இழுக்காதீர்கள். மேல் விளிம்பை உங்கள் பக்கம் சாய்த்து, பின்னால் கையை நுழைத்துத் தடவுங்கள். வயர்களைப் போர்டோடு இணைக்கும் கப்ளரின் முதுகில் சின்ன நாக்கு ஒன்று நகத்தில் தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே, வயரைப் பிடிக்காமல் கப்ளரின் உடலைப் பிடித்து இழுங்கள். சில கார்களில் நாக்குக்குப் பதில் மடக்கும் நெம்புகோல் இருக்கும், அதை முழுதாகத் திருப்பினால் கப்ளர் தானே நழுவி வரும். இன்னும் பழைய கார் என்றால் நடுவில் தடித்த ஸ்பீடோமீட்டர் கேபிள் ஒன்றும் இருக்கும். அதன் கழுத்தை அழுத்தி விடுவிக்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் முட்கள் இருக்கும் முகத்தைக் கவிழ்த்துப் போடாதீர்கள். வேலை பழகிய முதல் வருடத்தில் நான் அப்படி ஒரு இரவு கவிழ்த்து வைத்துவிட்டேன். பல பழைய மீட்டர்களில் முள் ஆடாமலிருக்க உள்ளே சிலிக்கான் எண்ணெய் வைத்திருப்பார்கள். காலையில் பார்த்தால் டெம்பரேச்சர் முள்ளின் அடியில் எண்ணெய் கசிந்து, வெள்ளை எழுத்துகளின் மேல் கருப்பாகப் பரவியிருந்தது. துடைக்கத் துடைக்க எழுத்தும் சேர்ந்து போயிற்று. அந்தக் காரை ஓட்டுபவர் தினமும் பார்க்கும் இடம் அது. இன்றைக்கும் மீட்டர் போர்டை நிமிர்த்தித்தான் வைக்கிறேன்.

பின்பக்கம் பல்பு ஹோல்டர்கள் தெரியும். இடது பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் கையோடு வரும். எரிந்துபோன பல்பின் கண்ணாடி உள்ளே கருத்திருக்கும். எந்த வாட் இருந்ததோ அதையே போடுங்கள். பல கார்களில் 12 வோல்ட், 1.2 வாட் இருக்கும். பெரியதைப் போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால், ஹோல்டர் தொடும் செம்புத் தகட்டைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேயுங்கள். அது காகிதம் போன்ற மெல்லிய படலத்தின் மேல் ஒட்டியது, கிழிந்தால் பல்பு மாற்றும் வேலை போர்டு மாற்றும் வேலையாகிவிடும். வெளிச்சத்துக்கான பல்புகள் எல்லாம் ஒரே அளவு நேரம் எரிந்து பழசானவை, அதனால் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

எல்.ஈ.டி. போட ஆசைப்பட்டாலும் பேட்டரி எச்சரிக்கை விளக்கைத் தொடாதீர்கள். பல பழைய கார்களில், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதே அந்த பல்பு வழியாகப் போகும் சிறு மின்சாரத்தால்தான். அது குறைந்தால் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

எல்லா ஸ்க்ரூவையும் முடுக்குவதற்கு முன் கப்ளரை மாட்டி, பேட்டரியை இணைத்து, பார்க்கிங் விளக்கைப் போட்டுப் பாருங்கள். எல்.ஈ.டி. எரியாவிட்டால் அதைத் திருப்பிச் செருகிப் பாருங்கள், அதற்குத் திசை உண்டு.

கேள்வி: மீட்டர் போர்டைக் கழற்றி மாட்டிய பிறகு ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. நன்றாக ஓடுகிறது, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். கப்ளர் கழன்றிருந்தபோது யாராவது சாவியைத் திருப்பியிருப்பார்கள். கார் அதைக் குறையாகப் பதிந்து வைத்துக்கொண்டிருக்கும். அந்த விளக்கு எரியும்வரை, மோதும்போது ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. கப்ளர் முழுதாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். அழித்தும் திரும்ப வந்தால் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

கேள்வி: பழைய சாமான் கடையில் என் மாடலுக்கே ஒரு மீட்டர் போர்டு கிடைத்தது. வாங்கி மாட்டலாமா?

பதில்: மாட்டுவதற்கு முன் இரண்டு விஷயம். ஓடிய கிலோமீட்டர் பல கார்களில் போர்டின் நினைவகத்திலேயே இருக்கும், அதனால் வேறொரு காரின் கணக்கு உங்கள் காரில் தெரியும். மாற்றிய தேதியையும் இரண்டு போர்டுகளிலும் இருந்த கிலோமீட்டரையும் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். நாளை விற்கும்போது வாங்குபவரிடம் அதை அப்படியே கொடுங்கள். இரண்டாவது, சில கார்களில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரும் போர்டுக்குள்ளேயே இருக்கும். அப்படியானால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, சாவியைப் புதிய போர்டோடு பழக்க வேண்டியிருக்கும். உங்கள் மாடலில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கொடுங்கள்.