கயிற்றில் படரும் பச்சைப் பாசி என்ன இனம்?

கேள்வி: ஐயா, தொண்டிப் பக்கம் கடலில் முப்பது மூங்கில் மிதவை போட்டு பெப்சி பாசி வளர்க்கிறோம். மூன்றாவது வாரத்திலேயே கயிறு முழுக்க இலை மாதிரியும் நூல் மாதிரியும் பச்சையாக வேறு பாசி படர்ந்துவிட்டது. எங்கள் பாசி அதற்கடியில் மெலிந்து கிடக்கிறது. மருந்துக் கடைக்காரர் மயில்துத்தம் கரைத்து முக்கச் சொல்கிறார். வியாபாரியோ, "பச்சையையும் சேர்த்தே காயவை, எடை நிற்கும்" என்கிறார். ஆனால் எங்கள் பாசியிலேயே பச்சையாக இருக்கும் கொத்துகளை "இது பச்சைப் பாசி இனம்" என்று சொல்லி விலையைக் குறைக்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன இனம்? விலைக்குப் போகுமா?

பதில்: முதலில் விலை விஷயத்தை முடித்துவிடுவோம் அம்மா. நீங்கள் வளர்க்கும் பெப்சி பாசியின் அறிவியல் பெயர் காப்பாஃபைக்கஸ், அது சிவப்புப் பாசி வகை. அதிலேயே பழுப்பு, சிவப்பு, பச்சை எல்லாம் உண்டு. சிவப்பு நிறமி குறைந்த செடி பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். வியாபாரி நம்பாவிட்டால் அவர் எதிரிலேயே ஒரு கைப்பிடியைக் கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வையுங்கள். கூழாகி, ஆறியதும் உறையும். பாசியில் இருக்கும் காராஜீனன் என்ற உறையவைக்கும் பொருள் செய்யும் வேலை அது. அதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் இந்தப் பாசியை வாங்குகிறார்கள். கயிற்றில் படர்ந்த பச்சையில் காராஜீனன் கிடையாது, அதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இப்படி உறையாது. ஒரே ஆள் ஒரு பச்சையை எடைக்குச் சேர்க்கச் சொல்கிறார், இன்னொரு பச்சைக்கு விலை குறைக்கிறார். கலந்து கொடுத்த சரக்கு ஆலையில் பிடிபட்டால் "கலப்படக்காரி" என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும், அவருக்கு வராது. கலக்காதீர்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். இலை மாதிரி இருப்பது உல்வா என்ற பச்சைப் பாசி. அதில் சல்லடை போல ஓட்டைகள் தெரிகின்றன, அதனால் உல்வா ரெட்டிகுலேட்டாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கமெல்லாம் சாதாரணமாக வரும் பாசிதான். நூல் மாதிரி இருப்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு இழையை விரலிடையில் வைத்து நசுக்கிப் பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழி ஓடினால் அது குழாய், அதுவும் உல்வாதான். முன்பு எண்டிரோமார்ஃபா என்று தனிப் பேரினமாக (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதியாக) வைத்திருந்தார்கள், 2003-ல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு உல்வாவோடு சேர்த்துவிட்டார்கள். குழாய் இல்லாமல், கிளையும் இல்லாமல், விறைப்பான இழையாக இருந்தால் கீட்டோமார்ஃபா. கிளைவிட்டு மெத்தென்று இருந்தால் கிளாடோஃபோரா.

பேரினம் வரைக்கும் கரையில் நின்றே சொல்லிவிடலாம். இனப்பெயர் அப்படி வராது. உல்வாவின் வடிவம் தண்ணீரின் உப்பைப் பொறுத்தும் அலையைப் பொறுத்தும் மாறும். கூட வாழும் பாக்டீரியா இல்லாவிட்டால் சில உல்வா இலையாகவே உருவாகாது. உல்வா லாக்டுகா என்று, உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் பெயரிட்ட அசல் மாதிரியை 2019-ல் மரபணுவில் பார்த்தபோது, அது வெப்பக்கடல் இனம் என்று தெரிந்தது. வடக்கே குளிர்கடல் பாசியை அதே பெயரில் எத்தனையோ காலமாக எழுதிவந்திருக்கிறார்கள். நிபுணர்கள் பாடே இப்படி இருக்க, வாட்ஸப் படத்தைப் பார்த்து முழுப்பெயரும் சொல்பவரை நம்பாதீர்கள்.

அதனால்தான் பாசிக்காரர்கள் எல்லோரிடமும் ஒன்றை நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன்: பாசி நோட்டு ஒன்று போடுங்கள். அகலத் தட்டில் கடல்தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிடுங்கள். தடித்த வரைதாளை அடியில் செருகி, இலையை விரலால் விரித்து, ஒரு பக்கமாகச் சாய்த்து மெதுவாகத் தூக்குங்கள். தண்ணீர் வடிந்ததும் மேலே பழைய வேட்டித் துணி, அதன்மேலும் கீழும் செய்தித்தாள், எல்லாவற்றுக்கும் மேலே அம்மிக்கல். செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். துணியை மறந்தால் பாசி செய்தித்தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. கயிற்றைப் பிடித்திருக்கும் அடிப்பகுதியையும் சேர்த்து எடுங்கள், பாதிப்பேர் அதைக் கிள்ளிப் போட்டுவிடுகிறார்கள். தேதி, எந்த மிதவை, தண்ணீர் தெளிவா கலங்கலா, என்ன காற்று என்பதைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஊறி அழிந்துவிடும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு துணுக்கைத் தனியாக மூடி வைத்தால் மரபணு பார்க்கவும் உதவும். ஒரு வருஷம் இப்படிச் சேர்த்தால் எந்த மாதத்தில் எது படரும் என்று கடைக்காரருக்கு நீங்கள் சொல்வீர்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது, இது உங்கள் கயிற்றில் ஏன் வருகிறது என்பது. உல்வாவும் நூல்பாசிகளும் ஓட்டமில்லாத, சத்து மிகுந்த தண்ணீரில் கொழுக்கும். சாக்கடையோ இறால் பண்ணைத் தண்ணீரோ பக்கத்தில் இறங்குகிறதா? மிதவைகள் கரையோரம் நெருக்கிக் கட்டியிருக்கிறதா? அப்படியானால் நீரோட்டம் உள்ள ஆழத்துக்கு நகர்த்துங்கள். தினமும் கயிற்றை உலுக்கிவிடுங்கள். மோசமான மிதவைகளை வழக்கமான அறுவடைக் காலமான 45 நாள் வரை காக்க வைக்காமல் முன்பே அறுத்துவிடுங்கள். அந்தக் கயிற்றில் உடனே அடுத்த விதைப் பாசித் துண்டுகளைக் கட்டாமல் வெயிலில் சில நாள் நன்றாகக் காயப் போடுங்கள்.

மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் செம்பு எந்தப் பாசியையும் கொல்லும், உங்களுடையதையும் சேர்த்துத்தான். கரைத்து விற்பவருக்கு உல்வாவும் தெரியாது, காப்பாஃபைக்கஸும் தெரியாது.

உருவி எடுத்த பச்சையைக் கடலிலேயே எறியாதீர்கள். துண்டிலிருந்தும் அது வளரும். 2008-ல் சீனாவின் சிங்தாவ் நகரில், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குச் சற்று முன்பு, கடலே பச்சையாக மூடியது. அதற்குத் தெற்கே ஜியாங்சு கடலோரத்தில் நோரி என்ற உணவுப் பாசி வளர்க்கும் மிதவைகளில் படர்ந்த உல்வா புரோலிஃபெராவை உருவித் தண்ணீரில் விட்டதில்தான் அது தொடங்கியது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. கரைக்குக் கொண்டுவந்து குவியுங்கள், மழையில் உப்பு கழுவிப்போன பிறகு தென்னைக்குப் போடலாம். விற்கத்தான் வேண்டும் என்றால், உல்வா என்று கேட்டு வாங்குபவருக்கு, மண்ணில்லாமல் தனியாகக் காயவைத்துக் கொடுங்கள்.

அழுத்திக் காயவைத்த தாளை மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலோ, மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி நிலையத்திலோ காட்டுங்கள். ஈரப் பாசியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போகாதீர்கள், போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். அடுத்த கடிதத்தில் முப்பது மிதவையில் எந்த வரிசையில் பச்சை அதிகம், எதில் குறைவு, கழிவுநீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எழுதுங்கள். மிதவைகளை எங்கே நகர்த்தலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.