பதில்: ‘டோனா லீ’ 160-ஐத் தாண்டினால் விரல் சிக்குகிறது

கிட்டாரில் ‘டோனா லீ’ என்ற ஜாஸ் மெட்டை, டாப் (எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் குறிப்பு) பார்த்து முழுசாக மனப்பாடம் செய்தும், வேகம் நிமிடத்துக்கு 160 தட்டுக்கு மேல் போனால் விரல் சிக்குகிறது, தையல் மெஷின் மாதிரி கேட்கிறது என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து சிக்கல் இடது கையில் இல்லை, ஒவ்வொரு நோட்டையும் (ஸ்வரத்தையும்) வலது கையில் பிடிக்கும் பிக்கால் அடிக்கிறீர்கள், அதுதான். இந்த மெட்டைப் பதிவு செய்த சார்லி பார்க்கர் வாசித்தது சாக்ஸபோன், அதில் எல்லா நோட்டுக்கும் நாக்கைத் தட்ட மாட்டார்கள். நீங்களும் இரண்டு தட்டுக்கு நடுவே வரும் நோட்டை மட்டும் அடித்து, அடுத்த தட்டில் விழும் நோட்டை, அதே தந்தியில் இருந்தால், பிக் இல்லாமல் இடது கை விரலாலேயே, ஹாமர்-ஆனிலோ (விரலைத் தந்தியில் குத்தி) புல்-ஆஃபிலோ (விரலை இழுத்து விட்டு) எடுத்துப் பாருங்கள். ஸ்விங் (ஜாஸின் ஊஞ்சலாடும் தாள நடை) தானாக வரும், வலது கைக்குப் பாதி வேலை மிச்சம்.

டாபில் போட்டிருக்கும் விரலமைப்பு வேதவாக்கு இல்லை, இந்த இணைப்பு வசதியாக விழும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெட்ரோனோமை (தட்டு எண்ணித் தரும் கருவி) 80-ல் வைத்து அந்தச் சத்தத்தை நான்கு தட்டில் 2, 4-ஆம் தட்டாக எண்ணினால் உங்கள் 160 வந்துவிடும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும்.

அப்புறம், இதிலிருந்தா ஆரம்பித்தீர்கள்? பார்க்கர் 1945-இல் பதிவு செய்த ‘நவ்ஸ் த டைம்’ எஃப் சுருதியில் ஒரு ப்ளூஸ்தான், 12 பார் (தாளச் சுற்று), ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும்; முதலில் அதை எடுங்கள். டாபை மூடிவிட்டு, முதலில் வாயால் பாடி, அப்புறம் கிட்டாரில் தேடுங்கள்.