நீண்ட பைக் பயணம், இரவுகளில் டென்ட்: மூட்டையைக் குறைப்பது எப்படி?

மூன்று நான்கு வாரம் பைக்கில் சுற்றப்போகிறேன், தங்குவது டென்டில், எதை எடுப்பது எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு நாளுக்குப் போதுமான மூட்டை நான்கு வாரத்துக்கும் போதும். நாள் கூடினால் துணி துவைக்கும் தடவைதான் கூடும்.

பட்டியல் போடுவதற்கு முன்னால் பைக்கின் கையேட்டைப் பாருங்கள். மொத்த அனுமதி எடையிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் அது எவ்வளவு சுமக்கும் என்று தெரிந்துவிடும். 180 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 80 கிலோ, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் 8 கிலோ, அலுமினியப் பெட்டிகளும் அவற்றை மாட்டும் ஸ்டாண்டும் சேர்ந்து 15 கிலோ என்றால் மிச்சம் 77. தனியாகப் போனால் தாராளம். பின்னால் 60 கிலோ ஆள் ஒருவர் தன் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறிக்கொண்டால் பத்துச் சொச்சம் கிலோதான் நிற்கும். ஒன்றும் வைக்காத பெட்டியே இவ்வளவு தின்பதால்தான் நான் துணிப்பைக் கட்சி. பூட்டும் வசதி வேண்டுமென்றால் பெட்டிதான், மறுக்கவில்லை. எதுவானாலும் சின்னதாக வாங்குங்கள். பையில் இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திணிக்கும்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பின் சக்கரத்தின் அச்சைத் தாண்டி, உயரத்தில் கனத்தை ஏற்றினால் முன் சக்கரம் லேசாகிவிடும். வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிப்பது பல நேரம் இதனால்தான். டூல்ஸ், தண்ணீர், ஸ்டவ் எல்லாம் கீழே, உங்கள் முதுகுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே. ஸ்லீப்பிங் பேக், துணி மாதிரி லேசானவை மேலே, பின்னால். சுமை ஏற்றிய பிறகு பின் ஷாக்கின் ப்ரீலோடையும் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) டயர் காற்றையும் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கூட்டிவிடுங்கள்.

துணியில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ரைடிங் ஜாக்கெட்டும் பேன்டும் பகலெல்லாம் உடம்பில்தான் இருக்கின்றன. உள்ளே போட இரண்டு செட், இரவுக்கு ஒரு செட் போதும். குளிருக்குத் தனியாகக் கனமான ஜாக்கெட் எதற்கு? உள்ளே ஒரு மெல்லிய இறகு ஜாக்கெட், அதன் மேல் ரைடிங் ஜாக்கெட், அதற்கும் மேல் மழைக்கோட்டு. மழை இல்லாவிட்டாலும் மழைக்கோட்டு காற்றைத் தடுக்கும். மெரினோ கம்பளி பனியன் விலை அதிகம்தான், ஆனால் நாலு நாள் போட்டாலும் நாறாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது.

தூக்கத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சரியாகத் தூங்காதவன் மறுநாள் பைக் ஓட்டுவது ஆபத்து. படுக்கும் மெத்தையை மிச்சப்படுத்திவிட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குக் காசு கொட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். உடம்புக்கு அடியில் பேக் நசுங்கிவிடும், தரையின் குளிரைத் தடுப்பது மெத்தைதான். அதன் ஆர் வேல்யூ, அதாவது குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண், எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள், கூடக் கூட நல்லது. இறகு பேக் சின்னதாகச் சுருங்கும், நனைந்தால் சூடு தராது. விடாமல் மழை பெய்யும் பக்கம் போகிறீர்கள் என்றால் சிந்தெடிக். டென்ட் வாங்கும்போது கிலோவோடு மடித்த கம்பியின் நீளத்தையும் கேளுங்கள். நீளமான கம்பி பைக்குள் போகாமல் சீட்டுக்குக் குறுக்கே துருத்திக்கொண்டு வரும்.

சமையலுக்கு ஒரு பாத்திரம், ஒரு ஸ்பூன். வெறும் பியூட்டேன் நிரப்பிய கேஸ் குப்பி பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போதே மக்கர் பண்ணும், புரோப்பேன் கலந்தது பரவாயில்லை. பெட்ரோலில் எரியும் ஸ்டவ் என்றால் எரிபொருளைத் தனியாகத் தூக்க வேண்டாம், வண்டி டேங்கிலேயே இருக்கிறது. கொஞ்சம் சத்தம் போடும். டென்டுக்குள் எந்த ஸ்டவ்வையும் பற்றவைக்காதீர்கள், தீயும் கார்பன் மோனாக்சைடும் ஆளைக் கொன்றுவிடும்.

டூல்ஸ் பற்றி எல்லோரும் பட்டியல் தருவார்கள். என் யோசனை வேறு. கிளம்புவதற்கு முன் நீங்கள் எடுத்துப்போகும் டூல்ஸை மட்டும் வைத்து வீட்டில் வண்டி வேலை பாருங்கள். பின் சக்கரத்தைக் கழற்றுங்கள், செயினை இறுக்குங்கள், கிளட்ச் கேபிளைச் சரிசெய்யுங்கள். கை படாத ஸ்பானர் வீட்டிலேயே இருக்கட்டும். பெரும்பாலும் இல்லாமல் போவது பின் அச்சின் பெரிய நட்டுக்கான ஸ்பானர், அதை மறக்காதீர்கள். ட்யூப்லெஸ் டயருக்கு ஓட்டையை அடைக்கும் பிளக் கிட்டும் சின்னப் பம்பும் போதும். ட்யூப் டயர் என்றால், முன்சக்கரம் 21 அங்குலமாக இருக்கும் வண்டியில் அந்த ஒரு ட்யூபை மட்டும் எடுத்துப் போகிறவர்கள் நிறைய. அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் அதை மடித்துத் திணித்து, அடுத்த ஊர்வரை மெதுவாக உருட்டிவிடலாம்.

கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம், நழுவினால் கண்ணில் தெறிக்கும். பக்கிள் வைத்த பட்டை நல்லது. கிளம்பி இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், அதற்குள் மூட்டை அமுங்கியிருக்கும். மிச்ச நுனியைச் சுருட்டிச் செருகிவிடுங்கள், அது செயினில் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.