மறந்துபோன வாக்கும் மாறாத தந்தையும்

குடியாத்தம் நண்பருக்கு வணக்கம். தங்கைக்கு நிலம் தருவதாகச் சொன்ன உங்கள் தந்தை, பக்கவாதத்துக்குப் பின் அதை மறந்துவிட்டதால், அவர் இப்போது வேறு ஆள் என்றும் வாக்கு செல்லாது என்றும் உங்கள் அண்ணன் வாதிடுவதாக எழுதியிருந்தீர்கள்.

அண்ணன் அறியாமலே ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக்கின் பக்கம் நிற்கிறார். ஒருவரின் உணர்வு கடந்த செயலை எட்டும் அளவுக்கே அவர் அதே ஆள் என்று, மனித அறிவைப் பற்றிய தம் நூலின் 1694-ஆம் ஆண்டுப் பதிப்பில் லாக் எழுதினார். ஸ்காட்லாந்துத் தத்துவஞானி தாமஸ் ரீட் 1785-இல் இதை நன்றாகவே மடக்கினார்: சிறுவனாகத் தோட்டத்தில் திருடி அடிபட்டதை ஓர் இளம் படை அதிகாரி நினைவில் வைத்திருக்கிறார், பின்னாளில் தளபதியாகும்போது அதிகாரியாக இருந்தபோது செய்த வீரச்செயல் நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. அப்படியானால் தளபதியும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் சிறுவனும் ஒருவர், ஆனால் தளபதியும் சிறுவனும் இருவர் என்றாகிறது. இது பொருந்தவே பொருந்தாது.

பாலாற்றில் பல மாதங்கள் மணல்தான் தெரிகிறது. ஊற்று தோண்டுகிறவர்கள் அதை வேறு ஆறு என்பதில்லை. (உவமை வாதமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) என் பார்வையில் உங்கள் தந்தை அதே மனிதர்தான், சொன்ன வாக்கும் அவருடையதே. ஆனால் இன்று பத்திரத்தில் கையெழுத்திடும் அளவுக்கு அவருக்கு விவரம் புரிகிறதா என்பது தனிக் கேள்வி. அதை மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும்தான் கேட்க வேண்டும்.